முதல் ஓலைக்கு முன் வாங்கிய போன்

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது எங்கள் வீட்டில் நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு செல்போன்தான். பகலில் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும், சாயங்காலம் ஆனால் தம்பியின் கைக்குப் போய்விடும். இரண்டாயிரத்துப் பத்துக்குச் சற்று முந்தைய காலம். திண்டுக்கல் பக்கம் அப்போது ஒரு புது வழக்கம் கிளம்பியிருந்தது. நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்கு ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். மோதிரம், பட்டுப்புடவை வரிசையில் அதுவும் சேர்ந்துகொண்டது. கல்யாணத்துக்குள் இருவரும் பேசிப் பழகட்டும் என்று பெரியவர்களே கண்டும் காணாமல் விட்டுவைத்த ஏற்பாடு. நான் வேலை பார்த்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் அப்படி நிச்சயமான பெண்கள் இரண்டு பேர் படித்தார்கள். வகுப்பு முடிந்து மாடிப்படியில் உட்கார்ந்து போனில் குசுகுசுக்க ஆரம்பித்தால் அடுத்த பேட்ச் வந்து விரட்டும்வரை எழுந்திருக்க மாட்டார்கள்.

எனக்கு நிச்சயமானவர் பேசவே இல்லை. மெசேஜ்தான் அனுப்பினார்.

அதுவும் எங்கள் வீட்டுப் போனுக்கு வரும் மெசேஜ் என்றால் ஊர்ப் பொதுக்குழாய்த் தண்ணீர் மாதிரி. முதலில் பிடிப்பவன் என் தம்பி. ஒரு நாள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் சத்தமாக வாசித்தான்.

"உங்களுக்குப் போன் வாங்கணும். நீங்களே கடைக்கு வந்து பாருங்க. கீபோர்டு உள்ளதா இருந்தா நல்லது." வாசித்துவிட்டு என்னைப் பார்த்தான். "என்னக்கா, மாப்ள கல்யாணத்துக்குப் பொண்ணு எடுக்குறாரா, மில்லு ஆபீசுக்கு டைப்பிஸ்ட் எடுக்குறாரா?"

"ஏலே, வாய மூடிட்டுச் சோத்தத் தின்னு" என்றேன். ஆனால் எனக்கும் அந்தச் சந்தேகம்தான். போன் என்றால் போன். பட்டன் எத்தனை இருந்தால் இவருக்கு என்ன?

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்கு வாய் நீளம், பொறுமை குட்டை. எதிரில் இருப்பவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் மீதியை நானே முடித்துவிடுவேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அம்மா பெருமையாகச் சொல்லியே கெடுத்து வைத்திருந்தாள். அப்படிப்பட்ட எனக்கு நான்கு நாளைக்கு ஒரு மெசேஜ் அனுப்பும் மனிதர். பொறுக்க முடியாமல் நானே மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் மணி அடித்து ஓய்ந்தது. பின்னாலேயே மெசேஜ் வந்தது: "மில்லுல சத்தம். மெசேஜ் பண்ணுங்க." அவருக்கு வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் மெயின்டெனன்ஸ் வேலை. மில்லில் சத்தம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமையுமா மில் ஓடுகிறது?

பெண் பார்க்க வந்த நாளை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அவருடைய ஊரான எரியோட்டிலிருந்து ஒரு வேனில் ஒன்பது பேர் வந்தார்கள். பஜ்ஜி, கேசரி, காபி. அவர் நடுவில் உட்கார்ந்து தலையைக் குனிந்தபடி சாப்பிட்டார். எங்கள் சித்தப்பா முறைக்காகக் கேட்டார், "மாப்பிள்ளை பொண்ணுகிட்ட ஏதாச்சும் பேசணும்னா பேசலாமே" என்று. மாப்பிள்ளையின் தாய்மாமா முந்திக்கொண்டார்: "பேசுறதுக்கு என்னங்க இருக்கு? பெரியவுக சொன்னா எங்க பையன் சரிம்பான்." எங்கள் வீட்டு ஆட்களுக்கு வாயெல்லாம் பல். எவ்வளவு அடக்கம், இந்தக் காலத்தில் இப்படி ஒரு பையனா என்று அவர்கள் போன பிறகும் அதே பேச்சு. நிச்சயதார்த்தத்தன்றும் தாய்மாமாதான் பேசினார், அக்காதான் பேசினாள், போட்டோக்காரர் பேசினார். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டு நின்றார். யோசித்துப் பார்த்தால், நான் கட்டிக்கொள்ளப்போகிறவரின் குரலை நான் இதுவரை கேட்டதே இல்லை. எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்கவில்லையே என்று ஒருவருக்கும் தோன்றவும் இல்லை.

"ஊமை ஊரைக் கெடுக்கும்" என்றாள் இன்ஸ்டிடியூட்டில் ஒருத்தி, சும்மா இருக்காமல். "வேற எங்கயாச்சும் மனசு இருக்குமோ என்னமோ. கேட்டுரு டீச்சர்."

கேட்பதற்கு நாள் இல்லை. எங்கள் கத்தோலிக்கச் சபை வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பங்குச் சாமியார் ஓலை வாசிப்பார். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று ஊரறியச் சொல்வது. முதல் ஓலை வாசித்துவிட்டால் அப்புறம் பின்வாங்குவது லேசு இல்லை. பின்வாங்கினால் பெயர் கெடுவது பெண்ணுக்குத்தான். எங்களுக்கு முதல் ஓலை அந்த ஞாயிறு. அவர் கடைக்கு வரச் சொன்னது வெள்ளிக்கிழமை. இந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாமா வேண்டாமா என்று நான் தெரிந்துகொள்ள அந்த ஒரு சாயங்காலம்தான் மிச்சம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் கடை. நானும் அம்மாவும் போனபோது அவரும் அவருடைய அக்காவும் முன்பே வந்து நின்றார்கள். "வாங்க அத்தை, வா தங்கம்" என்று, எனக்கு மதினி முறையான அந்த அக்காவே எல்லாருக்கும் சேர்த்து வரவேற்றாள். அவர் கும்பிட்டார். அம்மாவும் மதினியும் ஃபேனுக்கு அடியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டு ஜாக்கெட் தைக்கிற கதையை ஆரம்பித்தார்கள். நாங்கள் இருவரும் கண்ணாடி மேஜை முன்னால் நின்றோம்.

விற்பனையாளருக்கு நாற்பது வயது இருக்கும். கழுத்தில் டை, நெற்றியில் விபூதி, வாயில் நிறுத்தமில்லாத பேச்சு. கண்ணாடிக்குள் வரிசையாக அடுக்கியிருந்த போன்களில் பாதி பொம்மை. திரை இருக்கும் இடத்தில் கலர் காகிதம் ஒட்டியிருந்தது. நான் ஒன்றை எடுத்து அந்தக் காகிதத்தை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். என் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பை அடக்கினார். அப்போது மட்டும் அவரைக் கொஞ்சம் பிடித்தது.

"சார், என்ன மாதிரி பாக்குறீங்க?" என்றார் விற்பனையாளர்.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். "க்... க்..." என்று வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

"கேமராவா சார்? இந்தா, இது அம்புட்டு சுத்தமா எடுக்கும்."

அவர் இல்லையென்று தலையாட்டினார். மறுபடி "க்..." என்றார்.

"கம்மி விலையிலயா? அதுவும் இருக்கு சார்."

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் புரியாத மாதிரி நின்றேன். அவர் கையை நீட்டி அலமாரியில் தனியாக வைத்திருந்த ஒரு போனைக் காட்டினார். அதை எடுத்துக் கொடுத்த விற்பனையாளர், "இது நிஜப் போனு, பொம்மையில்ல. சார்ஜ் இருக்கு, நல்லா தட்டிப் பாருங்க" என்று சொல்லி, அடுத்து வந்த ஆளைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

கறுப்பாக, சோப்புக்கட்டி கனத்தில் ஒரு போன். முன்பக்கம் முழுக்கத் திரை. விரலின் சதையால் தொட்டால் கேட்கவில்லை, நகத்தால் குத்தினால்தான் கேட்டது. அவர் அதைக் கிடைவாக்கில் பிடித்துப் பெருவிரலால் தள்ளினார். டக் என்று திரை மேலே நகர்ந்து, அடியிலிருந்து ஒரு முழு கீபோர்டு வெளியே வந்தது. எழுத்து எல்லாம் அதனதன் இடத்தில். நான் தினமும் கட்டி அழும் அதே ஏ, எஸ், டி, எஃப். இவ்வளவு பெரிய டைப்ரைட்டரை நசுக்கி ஒரு உள்ளங்கைக்குள் யார் வைத்தார்கள் என்று நான் எல்லாவற்றையும் மறந்து வாய் பிளந்து பார்த்தேன். திரையில் இருந்த படமும் தானாகவே படுத்துக்கொண்டது. மூடினால் நிமிர்ந்தது. திறந்தால் படுத்தது. நான் நாலு தடவை திறந்து மூடினேன்.

அவர் மெதுவாக அதை என்னிடமிருந்து வாங்கினார். மெசேஜ் எழுதும் இடத்தைத் திறந்தார். இரண்டு பெருவிரலும் பறந்தன. எழுதி முடித்து, என் பக்கம் திருப்பி நீட்டினார். ஆங்கில எழுத்தில் தமிழ்.

"எனக்குத் திக்கும். சின்ன வயசுல இருந்து. உங்க வீட்டுல யாருக்கும் தெரியாது."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பாவம் என்றெல்லாம் தோன்றவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். அந்த ஆயிரத்தை நம் தலையில் கட்டும்போதுதான் தெரிகிறது அதன் கனம். போனைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். ஏன் சொல்லவில்லை என்று எழுத வேண்டும். அவ்வளவுதான்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். நான் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். கண்ணைக் கட்டிவிட்டால்கூட நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து வார்த்தை அடிப்பேன். பழக்கதோஷத்தில் எட்டு விரலையும் அந்தக் குட்டி கீபோர்டின் மேல் பரப்பினேன். நான்கு விரல்தான் உள்ளே நின்றன, மீதி காற்றில். சரி, பெருவிரலால் அடிப்போம் என்றால் ஒரு எழுத்தையும் காணோம். என் விரல்களுக்குத்தான் எழுத்து எங்கே என்று தெரியும், கண்ணுக்குத் தெரியாது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே கீபோர்டைப் பார்க்காதே என்பதுதானே. 'ஒய்' எங்கே என்று வரிசை வரிசையாகத் தேடினேன். ஒன்றை அழுத்தினால் பக்கத்துப் பட்டனும் சேர்ந்து அமுங்கியது. அழித்தேன். மறுபடி அடித்தேன். காது சூடாகிவிட்டது.

விற்பனையாளர் எட்டிப் பார்த்தார். "என்ன தேடுறீங்கக்கா? ஒய்யா? இந்தா இங்க இருக்கு, நான் அடிக்கவா" என்று குறுக்கே விரலை நீட்டினார்.

மாப்பிள்ளை கையை உயர்த்தி அந்த விரலைத் தடுத்தார். விற்பனையாளர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். அவர் என் முகத்தையும் பார்க்கவில்லை, திரையையும் எட்டிப் பார்க்கவில்லை. அவசரம் இல்லை என்கிற மாதிரி கண்ணாடிக்குள் இருந்த பொம்மைப் போன்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாராவது எனக்காக அப்படி நின்றிருக்கிறார்களா என்று அப்போது எனக்குத் தோன்றியது. நான் யாருக்காவது நின்றிருக்கிறேனா என்றும் தோன்றியது. ஒரு வழியாக எழுதி முடித்தேன்.

"ஏன் சொல்லல."

அவர் எழுதினார். "யாரும் என்னக் கேக்கல. மாமாவே எல்லாம் பேசிட்டாரு. நிச்சயத்தன்னைக்கு உங்ககிட்ட சொல்ல வந்தேன். போட்டோவுக்குக் கூப்பிட்டுட்டாங்க."

நான் படித்ததும் வாங்கி, அதை அழித்துவிட்டு, மறுபடி எழுதினார். "மெசேஜ்ல சொன்னா உங்க தம்பி படிப்பாரு. அதான் உங்களுக்குன்னு ஒரு போன் வேணும்னேன். ஓலைக்கு முன்னாடி உங்களுக்கு மட்டும் தெரியணும். வேண்டாம்னா சொல்லுங்க. நான்தான் மாட்டேன்னதா இருக்கட்டும். உங்க மேல பழி வராது."

அதைப் படித்துவிட்டு நான் செத்த நேரம் வாசல் பக்கம் திரும்பி நின்றேன். தெருவில் டவுன் பஸ் ஒன்று திரும்ப முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று சொன்னால் இன்றோடு முடிந்தது. சரி என்று சொன்னால் சொந்தத்தில் சிரிப்பார்கள், மாப்பிள்ளைக்குப் பேச வராதாமே என்று கல்யாணச் சாப்பாட்டிலேயே சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியுமா? எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்திலேயே கோபமும் திரும்ப வந்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எழுதினேன்.

"கோவில்ல மைக் முன்னாடி என்ன பண்ணுவீங்க."

எங்கள் கல்யாணத்தில் தாலி மட்டும் போதாது. இருவரும் பீடத்துக்கு முன்னால் நின்று, என் பெயர் இன்னது, இன்னாரை ஏற்றுக்கொள்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தாய்மாமாவோ அக்காவோ அவருக்குப் பதிலாகச் சொல்ல முடியாத ஒரே இடம் அது.

இந்த முறை அவருடைய பெருவிரல்கள் உடனே பறக்கவில்லை. கீபோர்டை மூடினார். திறந்தார். பிறகு எழுதினார்.

"அதுக்குத்தான் பயம். நிச்சயம் ஆனதுல இருந்து உங்க பேரைத் தினம் சொல்லிப் பாக்குறேன். மில்லுல மெஷின் ஓடுறப்ப. அங்க யாருக்கும் கேக்காது. மத்ததெல்லாம் வருது. உங்க பேரு மட்டும் இன்னும் வரல."

திரையில் அந்த வரி நின்றது. நான் படித்தேன், இன்னொரு முறை படித்தேன். என் பெயரை எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு நூறு தடவை கத்துவார்கள், பால் காய்ச்சச் சொல்லி, துணி எடுக்கச் சொல்லி. அதை ஒருவர் இரைச்சலுக்கு நடுவில் ஒளிந்து நின்று ஒத்திகை பார்ப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அம்மா என் முகத்தைப் பார்த்துவிடப் போகிறாளே என்று குனிந்துகொண்டேன்.

என் பதிலை எழுத எவ்வளவு நேரம் பிடித்ததோ தெரியாது. அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"எனக்குப் பொறுமை கிடையாது. கோவம் ஜாஸ்தி. அதையும் உங்ககிட்ட யாரும் சொல்லிருக்க மாட்டாங்க."

படித்ததும் அவர் சிரித்தார். சத்தமாக, தலையைப் பின்னால் சாய்த்து. அந்தச் சிரிப்பில் ஒரு தடங்கலும் இல்லை. நாற்காலியில் இருந்த மதினி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அவள் தன் தம்பி வெளியிடத்தில் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருக்க வேண்டும். எழுந்து வந்து, "என்னப்பா, என்ன?" என்று அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் போனைக் காட்டி, "இ... இது" என்றார். மதினி முகம் வெளுத்தது. என் முகத்தைப் பார்த்தாள். நான், "ஆமா மதினி, இதையே எடுத்துக்குவோம். எனக்கு இதுல அடிக்கத்தான் வரல, பழகிக்கிறேன்" என்றேன். அவள் என் கையைப் பிடித்தாள். விடவே இல்லை.

விற்பனையாளரிடம் திருப்பிக் கொடுக்கும்முன் அவர் எழுதியதை எல்லாம் அழித்தார். எனக்கு மனசே வரவில்லை. என் பெயரைப் பற்றி அவர் எழுதிய அந்த வரியை மட்டும் எங்கேயாவது எழுதி வைத்துக்கொள்ளலாமா என்று இருந்தது. அழிந்துபோனது. சீல் உடைக்காத புதுப் பெட்டி ஒன்று வந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அம்மாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டாள்.

"ஏண்டி, மாப்பிள்ளைக்குத் திக்குமா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக வாயில் பேச்சு வரவில்லை. "உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"கடைக்காரன் ரெண்டு வார்த்த மாத்தி மாத்தி எடுத்துக் குடுத்தான்ல, அப்பவே பாத்தேன். அப்புறம் நீங்க ரெண்டு பேரும் அந்தப் போன வெத்தலத் தட்டு மாதிரி மாத்திக்கிட்டே இருந்தீக. நீ என்ன முடிவு பண்ணுன?"

"ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்கட்டும்மா."

அம்மா ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள். "உங்கப்பா இருவத்தஞ்சு வருசமாத் திக்காமத்தான் பேசுறாரு. நான் என்னத்தக் கண்டேன். வீட்டுல நான் சொல்லிக்கிறேன், நீ உன் வாய வச்சிட்டுச் சும்மா இரு."

மூன்று ஓலையும் வாசித்தார்கள். தடை சொல்ல ஒருவரும் வரவில்லை. இடையில் எத்தனையோ மெசேஜ் போனது, வந்தது. நான் பெருவிரலால் அடிக்கப் பழகினேன். ஆனால் கோவிலில் என்ன நடக்கும் என்று மட்டும் இருவரும் ஒரு வரிகூட எழுதிக்கொள்ளவில்லை.

கல்யாணத்தன்று கோவில் நிறைந்திருந்தது. எரியோட்டு ஆட்கள் ஒரு பக்கம், எங்கள் ஆட்கள் ஒரு பக்கம். சாமியார் ஒவ்வொரு துண்டாகச் சொல்லிக்கொடுக்க, அவர் மைக்கில் திருப்பிச் சொன்னார். தன் பெயரைத் தட்டுத் தடுமாறிச் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் சலசலப்பு எழுந்து அடங்கியது. அடுத்து என் பெயர். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டார். மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது. சாமியார் நல்ல மனசோடு குனிந்து, என் பெயரை மறுபடி மெல்ல எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார். நான் சாமியாரைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தேன். சாமியார் நிமிர்ந்துகொண்டார். என் நாக்கு நுனியில் என் பெயர் துடித்தது. கடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் யாரோ இருமினார்கள். பெஞ்சு ஒன்று கிறீச்சிட்டது. அவர் கண்ணை மூடினார், திறந்தார், என்னைப் பார்த்தார். ஒவ்வொரு எழுத்தாக என் பெயர் வந்து சேர்ந்தது. அதுவரை யாரும் அதை அவ்வளவு நேரம் எடுத்துச் சொன்னதில்லை.